திம்பம் ஏற்றத்தில் வண்டியை இழுப்பது எது: டார்க்கா, குதிரைத்திறனா?

கேள்வி: கோபி வயல்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்தவன். மாமனார் தோட்டம் தாளவாடிப் பக்கம் இருப்பதால், மாதத்தில் இரண்டு முறையாவது பண்ணாரியைத் தாண்டித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறேன். இதுவரை ஒன்பது ஆண்டு ஓடிய ஸ்பிளெண்டரில்தான் போய்வருகிறேன். தனியாகப் போனால் குறையொன்றும் இல்லை. பின்னால் மனைவியும் முன்னால் ஓர் அரிசிச் சிப்பமும் சேர்ந்துவிட்டால், பாதி வளைவுகளுக்குப் பிறகு இரண்டாம் கியரை விட்டு மேலே போக முடிவதில்லை. அதனால் வேறு வண்டி வாங்க எண்ணியிருக்கிறேன்.

சென்ற மாதம் நண்பர் ஒருவருடைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ வாங்கிக்கொண்டு நானும், தன்னுடைய யமஹா ஆர்15-இல் என் மைத்துனரும் ஆளுக்கொரு வண்டியாக மலை ஏறினோம். கிளாசிக்கில் மூன்றாம் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால், கியரைக் குறைக்காமலேயே வண்டி நிதானமாக மேலே ஏறியது. பாதி வழியில் வண்டிகளை மாற்றிக்கொண்டோம். ஆர்15-இல் நான்காம் கியரில் அதே வேகத்தில் அதேபோலத் திருகினேன். சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை, வண்டி விக்கி விக்கி அதிர்ந்தது. அப்போது, டார்க் (இன்ஜினின் முறுக்குவிசை) அதிகமுள்ள வண்டிதான் மலைக்கு உகந்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வது சரிதான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் நடந்தது அந்த நினைப்பைக் குலைத்துவிட்டது. மைத்துனர் தன்னுடைய ஆர்15-ஐ இரண்டாம் கியரிலேயே வைத்து, இன்ஜினை உயர்ந்த சுழற்சியில் ஓடவிட்டுக்கொண்டு ஏறினார். கிளாசிக்கில் பின்தொடர்ந்த நான் திம்பம் உச்சியை அடைந்தபோது அவர் தேநீரில் பாதியைக் குடித்து முடித்திருந்தார். கிளாசிக்கின் டார்க் 27 நியூட்டன் மீட்டர், ஆர்15-இன் டார்க் 14.2 மட்டுமே. ஏறத்தாழப் பாதி டார்க் உள்ள வண்டி எப்படி முந்திப் போனது? குதிரைத்திறனைப் பார்த்தாலும் கிளாசிக்கில் 20.2, மற்றதில் 18.4 என்று இருக்கிறது. இந்த இரண்டு எண்களில் எதை நம்பி வண்டி வாங்குவது என்பதை விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: சிங்காநல்லூர் மோட்டார் பட்டறை

தம்பி, நான் 22 ஆண்டுகளாகக் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். பைக்கைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் நீங்கள் கேட்ட குழப்பத்தை ஒவ்வொரு வாரமும் என் பட்டறை வாசலில் கேட்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

என் மேசையில் இப்போது இரண்டு 5 எச்.பி. மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடுவது, மற்றது 1440 சுற்று ஓடுவது. 5 எச்.பி. என்பது 3.73 கிலோவாட். கணக்குப் போட்டால் முதல் மோட்டாரின் தண்டில் கிடைக்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 12.4 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 24.7. அதாவது இரண்டாவதன் டார்க் முதலாவதைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் ஒவ்வொன்றையும் அதற்கேற்ற பம்பில் பூட்டி ஒரே ஆழக் கிணற்றில் ஓட்டினால், ஒரு மணி நேரத்தில் மேலே வரும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். டார்க் இருமடங்கு என்பதற்காக வாய்க்காலில் தண்ணீர் இருமடங்காக வருவதில்லை.

இதை நம்பாதவர்களுக்கு நான் பெல்ட் போட்டுக் காட்டுவதுண்டு. 2880 சுற்று மோட்டாரில் சின்னப் புல்லியையும், ஓட்டப்படும் தண்டில் அதைவிட இருமடங்கு விட்டமுள்ள புல்லியையும் மாட்டினால், அந்தத் தண்டு 1440 சுற்றுதான் ஓடும். ஆனால் பெல்ட்டில் போகும் சிறு இழப்பைக் கழித்துவிட்டால் 24.7 நியூட்டன் மீட்டர் அங்கே கிடைத்துவிடும். டார்க்கைப் புல்லியால் கூட்டலாம், குறைக்கலாம். குதிரைத்திறனை எந்தப் புல்லியாலும் கூட்ட முடியாது. உங்கள் பைக்கின் கியர்பாக்ஸும் செயின் ஸ்ப்ராக்கெட்டும் செய்வது இந்தப் புல்லி வேலையைத்தான் என்பது என் புரிதல். மலையைப் பற்றிய கணக்கை இங்கே வரும் ஆசிரியர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: ஈரோடு, ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்

பட்டறைக்காரர் அடித்தளத்தை உறுதியாகப் போட்டுவிட்டார். அதன் மேல் சிலவற்றை அடுக்குகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். இரண்டு காளைகள் சரிவில் இறங்கி நடக்க, வடத்தின் மேல் அப்பா ஏறி அமர்ந்துகொள்ள, கிணற்றிலிருந்து சால் என்னும் பெரிய வாளி மேலே வந்து தொட்டியில் கவிழும். அந்தச் சால் எவ்வளவு பெரியது என்பது ஒரு கேள்வி. காளைகள் எவ்வளவு விரைவாக நடந்தன என்பது இன்னொரு கேள்வி. பெரிய சால் ஒன்றை மெல்ல இழுக்கும் காளைகளும், சிறிய சால் ஒன்றை விரைவாக இழுக்கும் காளைகளும் ஒரே அளவு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியும். சாலின் பாரத்தைத் தாங்கும் இழுவை முறுக்குவிசையைப் போன்றது. இழுவையும் வேகமும் சேர்ந்து, ஒரு நாழிகையில் எவ்வளவு தண்ணீர் மேலே வந்தது என்பதே திறன். சாலில் 100 லிட்டர் தண்ணீர் இருந்து, அதைப் 10 மீட்டர் ஆழத்திலிருந்து 20 விநாடியில் இழுத்தால், இழுக்கும் அந்த நேரத்தில் காளைகள் இரண்டும் சேர்ந்து ஒரு குதிரைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கைத் தந்தன என்று பொருள்.

குதிரைத்திறன் என்ற அளவே இப்படிப் பாரம் தூக்கும் கணக்கில் பிறந்ததுதான். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரங்களைக் குதிரைகளோடு ஒப்பிட்டு விற்பதற்காக, நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலையை ஒரு குதிரைத்திறன் என்று வகுத்தார். அது 746 வாட். நம் நாட்டு விளம்பரங்களில் பெரும்பாலும் வரும் பி.எஸ். என்பது மெட்ரிக் குதிரைத்திறன். 75 கிலோவை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்துவது, 735.5 வாட். கிளாசிக்கின் 20.2 என்பது பி.எச்.பி.யில், அதாவது வாட் வகுத்த அளவில் சொல்லப்படுவது, ஆர்15-இன் 18.4 என்பது பி.எஸ்.ஸில் சொல்லப்படுவது. ஒப்பிட வேண்டுமானால் முதலாவதை 20.5 பி.எஸ். என்று மாற்றிக்கொள்ள வேண்டும். சிறிய வேறுபாடுதான், ஆனாலும் ஒரே படியால் அளப்பதே முறை.

முறுக்குவிசை மட்டும் எந்த வேலையும் செய்துவிடாது என்பதற்குச் சைக்கிளே சாட்சி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 17 சென்டிமீட்டர் நீளமுள்ள பெடல் தண்டு கிடைமட்டமாக இருக்கும்போது அதன் மேல் ஏறி நின்றால், அச்சில் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உண்டாகிறது. உங்கள் நண்பருடைய கிளாசிக்கின் உச்ச டார்க்கைப்போல் அது மூன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அவர் அந்தச் சைக்கிளில் திம்பம் ஏறினால் வியர்த்துக் கொட்டி மெல்லத்தான் ஏறுவார். ஏனென்றால் பெடல் நிமிடத்துக்கு அறுபது சுற்றுகூடச் சுற்றுவது அரிது. பழக்கமில்லாத மனிதர் தொடர்ந்து ஒரு குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கைத் தருவதே கடினம்.

இரண்டையும் இணைக்கும் சூத்திரம் எளிமையானது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். இதை உங்கள் இரண்டு வண்டிகளுக்கும் போட்டுப் பாருங்கள். கிளாசிக்கின் உச்ச டார்க்கான 27, 4000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 4000 சுற்றில்) கிடைக்கிறது, அந்த இடத்தில் அதன் திறன் 11.3 கிலோவாட். ஆர்15-இன் 14.2 கிடைப்பது 7500 ஆர்.பி.எம்.மில், அங்கே அதன் திறன் 11.2 கிலோவாட். டார்க்கில் ஒன்று மற்றொன்றைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தும், தத்தம் உச்ச டார்க்கில் இரண்டும் தரும் திறன் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஓர் எண்ணைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியின் பாதி தீர்ந்துவிடுகிறது.

இனி மலைக்கு வருவோம். வண்டி, நீங்கள், மனைவி, அரிசிச் சிப்பம் எல்லாம் சேர்ந்து 350 கிலோ என்றும், பத்து மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் என்றும், வேகம் 30 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். புவியீர்ப்பு பின்னோக்கி இழுப்பது ஏறத்தாழ 343 நியூட்டன். டயர் உருளும் தடையும் காற்றும் சேர்ந்து இன்னொரு 75 முதல் 80 வரை. ஆக, பின்சக்கரம் சாலையை 420 நியூட்டனால் தள்ள வேண்டும். இதை விநாடிக்கு 8.3 மீட்டர் என்ற வேகத்தால் பெருக்கினால் 3.5 கிலோவாட். செயினிலும் கியரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் இன்ஜின் 3.7 கிலோவாட்டை ஒட்டித் தர வேண்டும். கவனித்தீர்களா, அது சிங்காநல்லூர் நண்பர் மேசையில் இருக்கும் 5 எச்.பி. மோட்டாரின் திறனேதான்.

அந்த 3.7 கிலோவாட்டை எப்படித் தருவது என்பதில்தான் இரண்டு வண்டிகளும் பிரிகின்றன. 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள பின்சக்கரம் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 265 சுற்று சுற்றும். இன்ஜின் 11 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று என்ற கியரில் போனால், இன்ஜின் 2900 ஆர்.பி.எம்.மில் ஓடி 12.3 நியூட்டன் மீட்டர் தர வேண்டும். 20 சுற்றுக்கு ஒரு சுற்று என்ற கியரில் போனால், 5300 ஆர்.பி.எம்.மில் ஓடி வெறும் 6.8 தந்தால் போதும். சக்கரத்துக்கு வந்து சேர்வது இரண்டிலும் ஒன்றே. சாலைக்கு இன்ஜினின் டார்க் தெரியாது. சக்கரத்தின் தள்ளுவிசை மட்டுமே தெரியும்.

ஆகவே, நீங்கள் ஆர்15-இல் நான்காம் கியரில் திருகியபோது நடந்தது இதுதான்: இன்ஜின் 2500-ஐ ஒட்டிய சுழற்சியில் இருந்தது, அந்த இடத்தில் 155 சி.சி. இன்ஜினால் தரக்கூடிய திறன் மிகக் குறைவு, அதை ஏற்றம் விழுங்கிவிட்டது. கிளாசிக்கில் அதே போன்ற தாழ்ந்த சுழற்சியில் 349 சி.சி. இன்ஜின் அதைவிட இருமடங்குக்கும் மேல் தந்தது. உங்கள் மைத்துனர் இரண்டாம் கியரில் போட்டு இன்ஜினை 6000, 7000 என்று ஓடவிட்டபோது அந்தக் குறை மறைந்துவிட்டது. தனியாக ஓட்டுபவரின் எடை 75 கிலோ என்றால், கிளாசிக்கின் 195 கிலோவோடு சேர்த்து நூறு கிலோவுக்கு 7.6 பி.எஸ்.; ஆர்15-இன் 142 கிலோவோடு சேர்த்து நூறு கிலோவுக்கு 8.5 பி.எஸ். வளைவை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் இந்த வேறுபாடு சிறிது சிறிதாகச் சேர்ந்திருக்கும். எடை குறைந்த வண்டி வளைவிலும் எளிதாகத் திரும்பும் என்பதால், அவர் முந்தியதற்கு இன்ஜின் ஒன்றையே காரணமாகச் சொல்லக் கூடாது.

மறுமொழி: பொள்ளாச்சி, வால்பாறை வழித்தடம்

ஆசிரியர் ஐயாவின் கணக்கில் தவறு காண நான் துணிய மாட்டேன். ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு உள்ள 40 வளைவுகளை வாரந்தோறும் ஏறுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலையில் டார்க் உள்ள வண்டியே மனத்துக்கு அமைதி தருகிறது. முன்பு என்னிடம் இருந்த 150 சி.சி. வண்டியில் குடும்பத்தோடு ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரு வளைவில் மேலிருந்து வந்த பேருந்து முழு வளைவையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. நான் நின்று மீண்டும் கிளம்ப வேண்டியிருந்தது. முதல் கியரில் போட்டும் சுழற்சி போதாமல் இன்ஜின் அணைந்தது. மறுபடி கிளம்பும்போது பயத்தில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே அடுத்த மூன்று வளைவுகள் ஏறினேன். முதலில் நெருப்பில் காட்டிய தோல் போன்ற ஒரு நாற்றம் வந்தது. பிறகு ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. கிளட்ச் லீவர் கையில் தளர்ந்து கிடந்தது. பிரித்துப் பார்த்தபோது தட்டுகள் நீலமும் கறுப்புமாகக் கருகியிருந்தன.

இப்போது என்னிடம் 350 சி.சி. வண்டி இருக்கிறது. அதே வளைவில் நின்று கிளம்பினால், ஆக்சிலேட்டரைச் சற்றே தொட்டுக் கிளட்சை விட்டாலே வண்டி நகர்ந்துவிடுகிறது. இன்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் தூரம், நீளமாக இருப்பதால்தான் இவ்வளவு டார்க் வருகிறது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கிளாசிக்கின் ஸ்ட்ரோக் 85.8 மில்லிமீட்டர், ஆர்15-இன் ஸ்ட்ரோக் 58.7 மட்டுமே என்று படித்தேன். எனவே கோபி நண்பருக்கு என் பரிந்துரை 350 சி.சி. வண்டிதான்.

மறுமொழி: ஈரோடு, ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்

பொள்ளாச்சி நண்பருடைய அனுபவத்தை முழுமையாக ஏற்கிறேன். காரணத்தில் மட்டும் ஒரு திருத்தம் உண்டு. ஸ்ட்ரோக் நீளமானால், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் கை நீளும், அதனால் முறுக்குவிசை கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கொள்ளளவு மாறாமல் ஸ்ட்ரோக்கை நீட்டினால் பிஸ்டனின் பரப்பு அதே விகிதத்தில் சுருங்கிவிடும். பரப்பு சுருங்கினால் அதை அழுத்தும் விசையும் சுருங்கும். கையில் கூடியது விசையில் கழிந்துவிடும். முறுக்குவிசையைத் தீர்மானிப்பவை முதன்மையாக இரண்டு: இன்ஜின் எவ்வளவு பெரியது, ஒவ்வொரு முறையும் சிலிண்டர் எவ்வளவு நன்றாகக் காற்றால் நிரம்பி எரிகிறது என்பவை.

எண்களைப் பாருங்கள். கிளாசிக்கின் 27 நியூட்டன் மீட்டரை அதன் கொள்ளளவால் வகுத்தால் லிட்டருக்கு 77. ஆர்15-க்கு லிட்டருக்கு 92. கோபி நண்பருடைய ஸ்பிளெண்டருக்கு, 97.2 சி.சி.யில் 8.05 என்பதால், லிட்டருக்கு 83. மூன்று வெவ்வேறு காலத்து, வெவ்வேறு நோக்கத்து இன்ஜின்கள். ஆனாலும் இந்த எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன! நீளமான ஸ்ட்ரோக் உள்ள கிளாசிக்குக்குத்தான் இவற்றில் மிகக் குறைவு. குதிரைத்திறனை இதேபோல வகுத்தால் கதை மாறிவிடும்: கிளாசிக்குக்கு லிட்டருக்கு 59 பி.எஸ்., ஆர்15-க்கு 119. ஒன்று 6100 ஆர்.பி.எம்.மிலும் மற்றது 10,000 ஆர்.பி.எம்.மிலும் உச்சத் திறனைத் தருவதே இதற்கு முக்கியக் காரணம். டார்க் பெரும்பாலும் சி.சி.யைச் சொல்கிறது; குதிரைத்திறன் அந்த டார்க்கை எவ்வளவு உயர்ந்த சுழற்சி வரை கொண்டுபோக முடிந்தது என்பதைச் சொல்கிறது.

நண்பருக்கு வளைவில் கிடைத்த அமைதிக்கு வேறொரு காரணமும் உண்டு. இத்தகைய வண்டிகளில் கிராங்கும் ஃபிளைவீலும் கனமானவை. கனமான சக்கரம் திறனைக் கூட்டுவதில்லை. ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. நின்று கிளம்பும் அந்த ஒரு விநாடியில், கிளட்ச் பிடிக்கும்போது, சேர்த்து வைத்ததைச் செலவழித்து இன்ஜின் அணையாமல் காக்கிறது. எங்கள் ஊர்ப் பழைய ஆயில் இன்ஜின்களில் பெரிய சக்கரம் இருந்ததற்குக் காரணமும் இதுவே. விளம்பரத்தாளில் இந்தக் கனத்துக்கு ஓர் எண் கொடுப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் குறை. ஏனென்றால் மக்கள் டார்க் என்று உணர்வதில் கணிசமான பங்கு இதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் பழைய 150 சி.சி. வண்டியிலும் ஒரு வழி இருந்தது. முன் பல்சக்கரத்தில் 14 பல் இருந்தால் 13 ஆக்கியிருக்கலாம். எல்லாக் கியரிலும் பின்சக்கரத்தின் முறுக்குவிசை ஏறத்தாழ 7.7 விழுக்காடு கூடும். சமவெளியில் அதே வேகத்துக்கு இன்ஜின் அதே அளவு கூடுதலாகச் சுற்றும். கிளட்ச் கருகாமல் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு.

மறுமொழி: திருப்பூர், மின்சார ஸ்கூட்டர் ஓட்டுநர்

இடையில் ஓர் ஐயம் கேட்கலாமா? நான் ஏதர் 450எக்ஸ் ஓட்டுகிறேன். அதன் டார்க் 26 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அது கிளாசிக் 350-க்கு நிகரான இழுவை உள்ளது என்று பொருளா? அவினாசி சாலை சிக்னலில் பச்சை விழுந்ததும் பல பைக்குகளை முந்துகிறேன். ஆனால் மேம்பாலத்தில் வேகம் கூடியபின் அவர்கள் என்னை முந்திவிடுகிறார்கள்.

மறுமொழி: ஈரோடு, ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்

நல்ல கேள்வி, அம்மா. உங்கள் வண்டியின் உச்சத் திறன் 6.4 கிலோவாட், அதாவது 8.7 பி.எஸ். திறன் அளவில் அது ஸ்பிளெண்டருக்கு அருகில் இருக்கிறது, கிளாசிக்குக்கு அருகில் இல்லை. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரும். பெட்ரோல் இன்ஜின் அந்த நேரத்தில் கிளட்சையும் கியரையும் தேடிக்கொண்டிருக்கும். சிக்னலில் நீங்கள் முந்துவது இதனால்தான். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மோட்டாரின் திறன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு வேகம் கூடக்கூட முறுக்குவிசை குறைந்துகொண்டே போகும். கிளாசிக்குக்கு ஐந்து கியர்கள் உள்ளன, அது தன் 27-ஐ முதல் கியரில் பல மடங்காகப் பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. உங்களுடையதில் மாற்ற முடியாத ஒரே விகிதம்தான். எனவே இரண்டு வண்டிகளின் டார்க் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை; கிலோவாட்டை ஒப்பிடுங்கள்.

மறுமொழி: சிங்காநல்லூர் மோட்டார் பட்டறை

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உயரம் கூடினால் பெட்ரோல் இன்ஜினின் டார்க்கும் திறனும் இரண்டும் குறையும். காற்று மெலிந்துவிடுவதே காரணம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மின்மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை. திம்பம் அவ்வளவு உயரமில்லை என்றாலும், மேல் வளைவுகளில் ஸ்பிளெண்டர் கீழே இருந்ததைவிடத் திணறுவதற்கு இதுவும் ஒரு சிறு காரணம்.

கேள்வி கேட்டவர்: கோபி வயல்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படித்ததோடு விடாமல், நேற்று மைத்துனருடைய ஆர்15-ஐ வாங்கி, மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு திம்பம் ஏறிப் பார்த்தேன். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறங்கி, டாக்கோமீட்டரை 5000-க்குக் கீழே விழவிடாமல் ஓட்டினேன். முன்பு விக்கிய அதே இடங்களில் இந்த முறை வண்டி ஒரு தடவையும் தயங்கவில்லை. ஐயா சொன்ன 5300 என்ற கணக்கு கண்ணெதிரே முள்ளில் தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஒன்பதாவது வளைவில் முன்னால் போன கரும்பு லாரி நின்றுவிட்டதால் நானும் நின்று கிளம்பினேன். முதல் கியரில் 4000 வரை ஏற்றி, கிளட்சை ஒரே சீராக விட்டதும் கிளம்பிவிட்டது. நாற்றம் எதுவும் வரவில்லை.

உச்சிக்குப் போய் இறங்கியதும் மனைவியிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். வண்டி நன்றாகத்தான் ஏறியது, ஆனால் அரை மணி நேரமும் காதருகில் இரைச்சல், உயரமான பின்சீட்டில் கால் மரத்துவிட்டது என்றார். கிளாசிக்கில் வந்திருந்தால் அதே ஏற்றத்தை 2500, 3000 சுழற்சியில் ஓசையடங்க ஏறியிருக்கலாம் என்பதும் இப்போது எனக்கு விளங்குகிறது. தனியாகப் போகிறவனாக இருந்தால் இலேசான வண்டியையே எடுத்திருப்பேன். எங்களுக்கு மாதத்தில் இரண்டு முறையும் இருவர் பயணம், கூடவே சிப்பம். எனவே 350 சி.சி. வண்டிக்கே முன்பணம் கட்டலாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

பொள்ளாச்சி அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: இறக்கத்தில், பாரத்தோடு வரும்போது நீங்கள் எந்தக் கியரில் இறங்குகிறீர்கள்? பிரேக்கை எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள்?

மறுமொழி: பொள்ளாச்சி, வால்பாறை வழித்தடம்

ஏறிய கியரிலேயே இறங்குங்கள், தம்பி. 350 சி.சி. வண்டியில் வளைவுகளுக்கு இரண்டாம் கியர், நேர் இறக்கத்துக்கு மூன்றாம் கியர் போதும். ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டால் இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துக் குறைக்கும். கிளட்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலிலோ இறங்காதீர்கள். பிரேக்கை வளைவுக்கு முன் இடைவெளி விட்டு விட்டு அழுத்துங்கள், தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். வண்டி வந்ததும், புது இன்ஜின் பழகும் வரை, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரிசிச் சிப்பத்தை மட்டும் பேருந்தில் அனுப்பிவிடுங்கள்.